உதடு இல்லாதவர்களின் மொழி: ஒரு புனைமொழிக்கு ஒலியும் இலக்கணமும் அமைக்கும் முறை

லாரி, ரயில், டீ, வோட்டு. இவை தமிழில் பிறந்த சொற்கள் இல்லை என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவற்றில் இருக்கும் ஒலிகளில் தமிழுக்குப் புதியது ஒன்றுமில்லை. ல, ர, ட, வ எல்லாம் நம்முடையவைதான். அவை நிற்கும் இடம்தான் அந்நியம். ல, ர, ட மூன்றும் பழந்தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. வகரம் வரும், ஆனால் உ, ஊ, ஒ, ஓ ஆகியவற்றோடு சேர்ந்து முதலில் வராது. லோகம் உலகம் ஆனதும், ரங்கன் அரங்கன் ஆனதும் இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

கனவுலகக் கதைக்கு மொழி படைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. விசித்திரமான ஒலிகளைத் தேடிப் போகிறார்கள். சொல்லுக்கு நடுவே மேற்கோள் குறிகளைத் தூவுகிறார்கள். ஷ, ஹ, ஃ மூன்றையும் அடுக்குகிறார்கள். அதில் மொழி வராது, இரைச்சல்தான் வரும். எந்த ஒலி எங்கே வரக்கூடாது, இரண்டு ஒலிகள் சந்தித்தால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டால், பதினைந்து எளிய ஒலிகளை வைத்தே காதுக்கு ஒரு தனி இனத்தைக் காட்டிவிடலாம். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் இந்த வரிசையிலேயே போகிறது: எந்த மெய் எதோடு மயங்கும் (சேர்ந்து வரும்), மொழி முதலில் எது, இறுதியில் எது, ஒலி எங்கே பிறக்கும், பிறகு புணர்ச்சி. புனைமொழி செய்பவருக்கு அதைவிட நல்ல வேலைத்திட்டம் கிடைப்பது அரிது. ஒலியின் பிறப்பை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, ஒரு மொழியை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம்.

வாயிலிருந்து தொடங்குங்கள்

பேசுபவர் யார் என்று முடிவு செய்யாமல் ஒலிப்பட்டியல் எழுதாதீர்கள். நமது எடுத்துக்காட்டு, செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டி வாழும், பருந்து அலகு கொண்ட ஓர் இனம். அலகு இருப்பதால் உதடு இல்லை. ஆகவே ப, ம, வ கிடையாது. உதடு குவிந்தால்தான் பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ கிடையாது. இந்த எட்டையும் விலக்கிப் பாடும் வழக்கம் தமிழில் உண்டு. சொல்விளையாட்டுக் கவிதையான சித்திரகவியில் அதற்கு நிரோட்டகம் என்று பெயர். ஆகவே, உதட்டைத் தொடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பது நம் புலவர்கள் சோதித்துப் பார்த்த விஷயம். மனித மொழிகளிலும் இதற்கு அருகில் வருபவை உண்டு: வட அமெரிக்காவின் மோஹாக் மொழியின் சொந்தச் சொற்களில் பகரமும் மகரமும் இல்லை.

ஒரு கூர்மையான வாசகர் இங்கே நிறுத்திக் கேட்பார்: கிளியும் மைனாவும் ‘அம்மா’ என்கின்றனவே? உண்மைதான். பறவைகளின் ஒலிப்பெட்டி மூச்சுக்குழாயின் அடியில் இருக்கிறது. உதடு இல்லாமலே அவை மகரத்தைப் போலச் செய்துவிடும். எனவே உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ‘இவர்கள் நம்மைப் போலத் தொண்டையாலும் நாக்காலும் பேசுபவர்கள்’ என்று எழுதிவிடுங்கள். கதையில் அதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

எத்தனை ஒலி வேண்டும்? ஹவாய் மொழி 8 மெய், 5 உயிரை வைத்து நடக்கிறது. மறுகோடியில், காக்கசஸ் பகுதியில் தோன்றி 1992-இல் மறைந்துபோன உபிக் மொழிக்கு 80க்கும் மேற்பட்ட மெய்கள் இருந்தன, உயிர் இரண்டே இரண்டு. கதைக்கு 14 முதல் 20 ஒலிகள் நல்ல அளவு. அதற்குமேல் போனால் வாசகரின் காதில் எதுவும் தங்காது. நம் மொழிக்கு மெய் 10: க, ச, த, ங, ஞ, ந, ய, ர, ல, ழ. உயிர் 6: அ, ஆ, இ, ஈ, எ, ஏ. மனித மொழியில் மூன்று வகை உயிர்தான் என்றால் அவை பெரும்பாலும் அ, இ, உ ஆக இருக்கும். செவ்வியல் அரபியும் தென் அமெரிக்காவின் கெச்சுவாவும் அப்படித்தான். உகரத்துக்குப் பதில் எகரம் நிற்பதே நம் மொழியை விலகிய ஒன்றாகக் காட்டிவிடும். (ந, ன இரண்டும் இங்கே ஒரே ஒலி. சொல் முதலில் ந என்றும், மற்ற இடங்களில் ன என்றும் எழுதுகிறோம், அவ்வளவுதான்.)

எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

முதல் விதி: பத்து மெய்யும் சொல் முதலில் வரலாம். ழகரமும் ஙகரமும் சொல்லைத் தொடங்குவது தமிழ்க் காதுக்கு உடனே உறைக்கும். அதனால் மொழிக்கும் மக்களுக்கும் பெயர் ‘ழேரி’ என்று வைக்கலாம். இரண்டாவது: அசையின் முடிவில் ன், ர், ழ், ய் நான்கு மட்டும். க், ச், த் சொல்லை முடிக்காது. ல் கூட முடிக்காது. மூன்றாவது: சொல் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வராது. நடுவில் வந்தால், ஒன்று முன் அசையின் முடிவாக இருக்க வேண்டும், அல்லது அதே வல்லின மெய் இரட்டித்திருக்க வேண்டும்.

மூன்றே வரிதான். ஆனாலும் ‘கிரால்’, ‘தக்ஷா’, ‘மோர்த்’ போன்றவை ழேரியில் பிறக்கவே முடியாது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம். பத்துச் சொற்களை எழுதி வைத்து, எவை ழேரி, எவை அல்ல என்று இன்னொருவர் பிரித்துக் காட்ட முடிந்தால் விதிகள் வேலை செய்கின்றன. அவரால் முடியவில்லை என்றால் கட்டுப்பாடு போதவில்லை. அப்போது விதியை இறுக்குங்கள், ஒலியைக் கூட்டாதீர்கள்.

வேர்ச்சொற்களை மனதில் தோன்றியபடி எழுதினால் உங்கள் தாய்மொழியின் சாயலே திரும்பத் திரும்ப வரும். சீட்டு எழுதிக் குலுக்குவது நல்லது. எல்லா ஒலிக்கும் சம எண்ணிக்கையில் சீட்டு போடக்கூடாது. எந்த மொழியிலும் ஒலிகள் சமமாகப் புழங்குவதில்லை. மெய்க்கு 24 சீட்டு: ந 4, ர 4, க 3, ய 3, ல 3, த 2, ழ 2, ச, ங, ஞ ஒவ்வொன்று. உயிருக்கு 12: அ 4, எ 3, இ 2, ஆ, ஈ, ஏ ஒவ்வொன்று. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரு மாலையில் 80 வேர்கள் கிடைக்கும். அதில் பாதியைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள்.

முதலில் தூக்கிப் போட வேண்டியவை தற்செயலாகத் தமிழ்ச் சொல்லாக அமைந்தவை. ‘கனி’யும் ‘நரி’யும் ழேரி விதிப்படி சரியாக இருக்கலாம், ஆனால் வாசகர் அந்தப் பக்கத்திலேயே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் தெரியாத வசவுச் சொல் பேச்சில் தெரிந்துவிடும்.

நம் கைக்கு மிஞ்சியவை: ழேர் (சிறகு), கெழின் (குஞ்சு), லீன (கூடு), ஙெர (பாறை), திழா (பாம்பு), ரெயன் (காற்று), ரின்- (பற), ஙார்- (கொத்து). சொல்லோடு -இ சேர்ந்தால் ‘உடையவர்’ என்று பொருள். ழேர் + இ = ழேரி, சிறகுடையோர். இனத்தின் பெயர் இப்போது மொழிக்குள்ளிருந்தே வந்துவிட்டது.

தமிழ் எழுத்து செய்யும் வேலை

தமிழில் எழுதுபவருக்கே உரிய ஒரு சிக்கல் இது. ஆங்கிலத்தில் உள்ள புனைமொழிக் கையேடுகளில் இதற்கு விடை கிடையாது. நம் ககரம் ஒரே எழுத்து; ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. நீங்கள் ‘நகெ’ என்று எழுதி மனதில் வல்லொலியாக நினைத்தாலும், வாசகர் மெலிதாகத்தான் படிப்பார். அவரைத் தடுக்க முடியாது.

இரண்டு வழி உண்டு. வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனிக் குறியீடு வகுத்து, முன்னுரையில் விளக்குவது ஒன்று. அதை யாரும் படிப்பதில்லை. வாசகரின் பழக்கத்தையே மொழியின் விதியாக ஆக்கிக்கொள்வது இன்னொன்று: ழேரியிலும் வல்லினம் சொல் முதலில் வலிக்கும், இரு உயிர்களுக்கு நடுவே மெலியும், வலிக்க வேண்டுமென்றால் இரட்டிக்கும். இப்படிச் செய்தால் வாசகர் தவறாகப் படிக்கவே வழியில்லை. இரண்டாவதே நல்லது.

பெயர்கள் முடிந்ததும் பத்துப் பெயர்களை எழுதி, கதை தெரியாத மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒரே பெயரை இரண்டு பேர் வெவ்வேறாகப் படித்தால் எழுத்துமுறையை மாற்றுங்கள். இன்னொன்று: முக்கியக் கதாபாத்திரங்கள் நான்கு பேரும் ‘ழெ’வில் தொடங்கினால், மொழி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசகர் ஆளைக் குழப்பிக்கொள்வார்.

புணர்ச்சி

சொற்கள் சேரும் இடத்தில் ஒன்றும் ஆகாவிட்டால் அது செங்கல் அடுக்கியது போல இருக்கும். ழேரிக்கு மூன்று புணர்ச்சி விதிகள் போதும்.

முன்னொட்டு உயிரில் முடிந்து வல்லினம் வந்தால் வல்லினம் மிகும்: ஏ + திழா = ஏத்திழா (‘ஏ-’ என்ன வேலை செய்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்). உயிரோடு உயிர் சேர்ந்தால் நடுவே யகரம் தோன்றும். தமிழில் உடம்படுமெய் யகரமும் வகரமும். இங்கே வகரம் உதட்டொலி என்பதால் இல்லவே இல்லை. இப்படி ஒரு விதி இன்னொரு விதியின் விளைவாக வருவதைக் கண்டால் மகிழுங்கள், மொழி தானாக நிற்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது விதியை முன்கூட்டியே எழுத முடியாது. பன்மைக்கு முதல் எழுத்தை இரட்டுவோம்: ழேர், ழேழேர். கெழின் வந்தால் முதல் விதி குறுக்கிட்டு, கெக்கெழின். அதற்கு முன் ‘ஏ’ சேர்த்தால்? ஏக்கெக்கெழின். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சண்டை போடும். இரண்டு விதிகள் தனித்தனியே நன்றாக இருந்து, சேர்ந்தால் கெடுவது மிகச் சாதாரணம். விதியைக் கைவிடாமல் மேலே இன்னொரு விதி போடுங்கள்: அடுத்தடுத்து இரண்டு இரட்டிப்பு வந்தால் முன்னது தளரும். ஏகெக்கெழின். இப்போது வாயில் ஓடுகிறது.

பிரதிப்பெயர்களையும் இதே கருவியால் செய்துவிடலாம். நெ என்றால் நான், கா என்றால் நீ. இரட்டினால் நெனெ: நாங்கள். இரண்டையும் சேர்த்தால் நெக்கா: நாம். ‘நாங்கள்’, ‘நாம்’ வேறுபாடு நமக்குப் பழகியது. ஆங்கிலமோ இந்தியோ மட்டும் அறிந்தவருக்கு அது புதிது. அதை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாக்கியம்: தமிழிலிருந்து விலகும் இடம்

பெரும்பாலான முதல் முயற்சிகள் கெடுவது இங்கேதான். சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, ‘நான் நேற்று பாறையிலிருந்து கூட்டுக்குப் பறந்தேன்’ என்பதை அதே வரிசையில், அதே உருபுகளோடு எழுதிவிடுவார்கள். அது தமிழுக்குப் போட்ட முகமூடி. விலக வேண்டுமென்றால் வினையின் இடத்தை மாற்றுவதே மிகக் குறைந்த செலவில் மிக அதிக விளைவு தரும் மாற்றம்.

மாற்றினால் அதன் பின்னே இழுபட்டு வருவனவற்றையும் மாற்ற வேண்டும். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 1963-இல் வெளியிட்ட 45 மொழிப் பொதுமைகள் இதற்கு நல்ல வழிகாட்டி. வினை கடைசியில் வரும் தமிழ், ஜப்பானியம் போன்ற மொழிகளில் உருபு பெயருக்குப் பின்னே வரும், உடைமைப் பெயர் முன்னே வரும்: பாறை-யில், குஞ்சின் கூடு. வினை முதலில் வரும் வெல்ஷ், ஐரிஷ், செவ்வியல் அரபி ஆகியவற்றில் இரண்டும் தலைகீழ். வினையை மட்டும் முன்னே தூக்கி வைத்துவிட்டு மற்றதைத் தமிழ்ப்படியே விட்டால் வாக்கியம் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். வேண்டுமென்றே வழக்கத்தை மீறலாம்தான். மார்க் ஓக்ராண்ட், ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக உருவாக்கிய கிளிங்கான் மொழியில் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற மிக அரிய வரிசையைத் தெரிந்தேதான் வைத்தார். மனித மொழிகளில் பிரேசிலின் ஹிஷ்கர்யானா போலச் சிலவற்றில்தான் அது இருக்கிறது. மீறுவதும் தெரியாமல் தவறுவதும் ஒன்றல்ல.

ழேரி வினைமுதல் மொழி. ரின கெழின்: பறந்தது குஞ்சு. சா ஙெர: பாறையில், ‘இல்’ என்பதற்குச் சமமான சா முன்னே நிற்கிறது.

அடுத்து வேற்றுமை. தமிழில் ‘பாம்பு போனது’, ‘பாம்பு குஞ்சைக் கொத்தியது’ இரண்டிலும் பாம்புக்கு உருபு இல்லை. அடிபட்ட குஞ்சுதான் ஐ ஏற்கிறது. இதைத் திருப்பிப் போடும் மொழிகள் பல. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் பேசப்படும் பாஸ்க் அப்படி. இந்தியிலும் இறந்தகாலத்தில் அப்படித்தான்: ‘லட்கா ஆயா’ என்றால் பையன் வந்தான், ‘லட்கே நே ரோட்டீ காயீ’ என்றால் பையன் ரொட்டி தின்றான். இன்னொன்றின் மேல் செயல் செய்தவனுக்கு ‘நே’ ஒட்டுகிறது. ழேரியில் அந்த வேலையை ‘ஏ-’ செய்கிறது. ஙார ஏத்திழா கெழின்: பாம்பு குஞ்சைக் கொத்தியது. குஞ்சு பறந்தாலும் கொத்துப்பட்டாலும் வெறும் கெழின்தான்.

கண்டது, கேட்டது, தடயம்

‘வந்தானாம்’ என்று சொல்லும்போது, நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதை ஓர் ‘ஆம்’ சொல்லிவிடுகிறது. தமிழில் அதைப் போடுவது நம் விருப்பம். துருக்கி மொழியிலும் கெச்சுவாவிலும் இதுபோன்ற வேறுபாடு இலக்கணத்தின் உள்ளேயே இருக்கிறது. பாறை உச்சியிலிருந்து பார்த்து வாழும் இனத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும், அதைக் கட்டாயமாக்கிவிடலாம்.

ழேரி வினை இப்படிக் கட்டப்படுகிறது: வேர், பிறகு செயல் முடிந்ததா (-அ) முடியவில்லையா (-ஈ), பிறகு எப்படித் தெரியும் என்பது. கண்ணால் கண்டிருந்தால் எதுவும் சேராது. கேட்டது என்றால் -ன். தடயத்தை வைத்து ஊகித்தது என்றால் -ழ். ஙார: கொத்தியது, பார்த்தேன். ஙாரன்: கொத்தியதாம். ஙாரழ்: கொத்தியிருக்கிறது, இதோ இறகு சிதறிக் கிடக்கிறது. கொத்திக்கொண்டிருப்பதாகக் கேள்வி என்றால் ஙாரீன். ன், ழ் இரண்டும் நாம் முன்பே அனுமதித்த இறுதி மெய்கள்தான். இலக்கண உருபுகளையும் ஒலி விதிக்குள்ளேயே தேட வேண்டும்.

இந்த ஆறு வடிவமும் எல்லா வினைக்கும் ஒழுங்காக இருக்கட்டும், மூன்று நான்கு வினைகளைத் தவிர. ஒழுங்கு மீறுவது எப்போதும் அதிகம் புழங்கும் வினைதான்: தமிழில் வா என்பது வந்தான், வருவான், வாரான் என்று வளைகிறது, ‘விசாரி’ ஒழுங்காக நடக்கிறது. ழேரியில் ‘வா’வுக்கு யே-. விதிப்படி யேய என்று வர வேண்டும். லா என்று வைத்துவிடுங்கள். அரிய வினையில் ஒழுங்கின்மை வைத்தால் அது அச்சுப்பிழையாகத்தான் தெரியும்.

இருபொருள் சோதனை

இதுவரை வந்ததும் ஒரு வாக்கியத்தை வைத்து மொழியை உடைத்துப் பாருங்கள். உடைமையைப் பக்கத்தில் வைத்தாலே போதும் என்று முதலில் நினைத்திருப்போம்: லீன கெழின், குஞ்சின் கூடு. இப்போது: ஙார ஏத்திழா லீன கெழின். பாம்பு குஞ்சின் கூட்டைக் கொத்தியதா, கூட்டிலிருந்த பாம்பு குஞ்சைக் கொத்தியதா? இரண்டும் பொருந்துகிறது. எந்த மொழியிலும் இருபொருள் உண்டு, ஆனால் யார் பிழைத்தார் என்பதே தெரியாத அளவுக்கு இருந்தால் கதை நடக்காது. ஒரு சிறு இணைப்புச் சொல், ‘யி’, போதும். ஙார ஏத்திழா லீன யி கெழின்: குஞ்சின் கூட்டை. ஙார ஏத்திழா யி லீன கெழின்: கூட்டுப் பாம்பு.

ஒவ்வொரு பெயருக்கும் உடைமை சேர்த்து, எதிர்மறையாக்கி, கேள்வியாக்கி, ‘என்று சொன்னான்’ சேர்த்து 20 வாக்கியம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான ஓட்டைகள் அதில் வெளியே வந்துவிடும். மாற்றம் செய்யும்போதெல்லாம் பழைய வாக்கியங்களையும் திருத்துங்கள். சொல், பொருள், வகை, எந்த வேரிலிருந்து, கதையில் எந்தப் பக்கம் என்று ஐந்து பத்தி உள்ள அட்டவணை ஒன்று கட்டாயம். ‘எந்தப் பக்கம்’ என்பதை விட்டுவிடுபவர்கள்தான் கடைசித் திருத்தத்தில் அழுகிறார்கள்.

சொல்லின் எல்லை

மொழியியலாளர் மோரிஸ் சுவாதேஷ் தொகுத்த 100 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வைத்து அகராதியை நிரப்புவது வசதிதான். ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரு ழேரிச் சொல் என்று போனால் உலகமும் தமிழுலகமாகவே இருக்கும். நமக்குப் ‘பச்சை’ நிறமும் ஆகும், வேகாததும் ஆகும். ‘கால்’ என்றால் தொடையிலிருந்து பாதம் வரை. எங்கே வெட்டுவது என்பது மொழிக்கு மொழி மாறும். ழேரிகளுக்கு ரெயன் என்பது பக்கவாட்டில் அடிக்கும் காற்று மட்டும். வெயிலில் மேலே ஏறும் காற்று யீன். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல அவர்களிடம் சொல்லே இல்லை. யீனி என்றால் மேலேறு காற்று உடையவன், அதாவது அதிர்ஷ்டசாலி. விழுவதற்கும் ஒரே சொல் போதாது: தானாக இறங்குவது, பிடி நழுவுவது, தள்ளப்படுவது என்று மூன்று வேண்டும். பாறையில் வாழ்பவருக்கு அது உயிர் விஷயம்.

எண்ணையும் உடலிலிருந்து எடுங்கள். பெரும்பாலான பறவைகளுக்குக் காலுக்கு நான்கு விரல், இரண்டு காலுக்கும் எட்டு. அடிமானம் 8 என்றால், அதாவது பத்துப்பத்தாக இல்லாமல் எட்டெட்டாக எண்ணினால், அவர்களின் ‘நூறு’ நமக்கு 64. ‘நூறு ஆண்டுப் பகை’ என்று ழேரி சொன்னால் நம் கணக்கில் 64 ஆண்டு. காலவரிசைப் பட்டியலில் இதைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டனின் வயது இடிக்கும்.

அளவைப் பொறுத்தவரை, பாகுபலிக்காக (2015) மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழி சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டது என்று சொல்லப்பட்டது. திரையில் காது கேட்க ஓடும் வசனத்துக்கு அந்த அளவு தேவை. ஒரு நாவலுக்கு 150 முதல் 200 சொல் தாராளம்.

பள்ளத்தாக்கில் பேசும் ழேரி

ஒரு மொழிக்கு வயது கொடுக்க, அதிலிருந்து ஒரு வட்டாரத்தைப் பிரியுங்கள். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. இகர எகரத்துக்கு முன் ககரம் சகரமானது. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. இவை ஒரு சொல்லில் மட்டும் நடக்கவில்லை, பொருந்தும் சொற்கள் பலவற்றிலும் வரிசையாக நடந்தன. உங்கள் மாற்றமும் அப்படியே விதியாக இருக்கட்டும்.

பள்ளத்தாக்கு ழேரிக்கு இரண்டு விதி. ஒன்று: இ, ஈ, எ, ஏ முன் ககரம் சகரமாகும். கெழின் செழின் ஆகிறது, கெக்கெழின் செச்செழின். இரண்டு: அய் என்பது எய் ஆகும். எது முதலில் நடந்தது என்று தேதி போடாமல் விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். கய்ர (நெருப்பு) என்ற சொல்லை எடுங்கள். இரண்டாம் விதி முதலில் நடந்திருந்தால் கெய்ர, பிறகு செய்ர. முதல் விதி முதலில் முடிந்துபோயிருந்தால், பின்னால் வந்த கெய்ர அப்படியே நிற்கும். இரண்டும் சரி, ஆனால் ஒரே ஊரில் இரண்டும் இருக்க முடியாது. விதிகளுக்கு எண் போட்டு, எல்லாச் சொல்லையும் அதே வரிசையில் நடத்துங்கள்.

வெளியாள் பேசும் ழேரி

கதையில் உதடுள்ள ஒருவன் அங்கே போவான். அவன் பெயரை அவர்கள் சொல்லும் விதத்தை முதலில் எழுதுங்கள். இல்லாத ஒலியை அருகிலிருக்கும் ஒலி நிரப்பும். ஹவாய்க்காரர்கள் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் வாழ்த்தை ‘மெலே கலிகிமகா’ என்பது அப்படித்தான், ரகரம் லகரமாகி, சகரம் ககரமாகி. ழேரியில் ம போய் ந, ப போய் க, ற போய் ர என்று வைத்தால் மாறப்பன் அவர்கள் வாயில் நாரக்கன். எல்லா மனிதப் பெயருக்கும் இதே அட்டவணை.

பிறகு அவன் செய்யும் பிழைகள். சொல்லைக் கண்டபடி சிதைக்காதீர்கள்; அவன் தாய்மொழி எங்கே இடிக்குமோ அங்கே மட்டும் பிழை வர வேண்டும். தமிழைப் போன்ற மொழி பேசுபவன் வினையைக் கடைசியில் கொண்டுபோவான்: ஏத்திழா கெழின் ஙார. கேட்பவர்களுக்குப் புரியும், கொஞ்சம் சிரிப்பார்கள். ‘ஏ-’ போட மறப்பான். அப்போது யார் யாரைக் கொத்தியது என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் அவன் மிகத் தாமதமாகக் கற்பது இறுதி ன்-ஐத்தான், ஏனென்றால் அவன் மொழியில் அது கட்டாயமில்லை. சந்தையில் கேட்ட செய்தியை அவன் உச்சிப்பாறையில் வந்து ‘ஙார ஏத்திழா கெழின்’ என்று சொல்கிறான். அவர்கள் காதில் விழுவது: பாம்பு குஞ்சைக் கொத்தியதை என் கண்ணால் பார்த்தேன். எங்கே நின்று பார்த்தாய், ஏன் தடுக்கவில்லை என்று கேட்பார்கள். அவனிடம் விடை இருக்காது. அவன் ‘ஙாரன்’ என்று சரியாகச் சொல்லப்போகும் அத்தியாயம் எது என்று முடிவு செய்துகொண்டு, அதற்கு முன்னால் உள்ள அவன் பேச்சு முழுவதையும் தேடி, தப்பித்தவறி எங்காவது ன் விழுந்திருந்தால் அடித்துவிடுங்கள்.